போடிமெட்டுக்கு இரண்டு பக்கமும்: பழைய மலை ரோடுகளில் சைக்கிள் ஓட்ட வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

தேனி மாவட்டத்தின் மேற்கு மலை, அதற்கு அந்தப் பக்கம் கேரளத்து இடுக்கியின் தேவிகுளம், உடும்பன்சோலை தாலுகாக்கள், நடுவில் எல்லையில் போடிமெட்டு மலைக்கணவாய். இங்கே பேசப்போவது இந்த வட்டாரத்தைப் பற்றி மட்டும்தான். ஏலக்காயும் தேயிலையும் இறக்குவதற்காக வெட்டிய வண்டிப்பாதை, எஸ்டேட் ரோடு, தண்டவாளம் போட்டுப் பெயர்த்த தடம் என்று இந்த மலை முழுக்கப் பழைய வழிகள்தான். மழை ஓய்ந்ததும் "சைக்கிளை எடுத்துக்கிட்டு வரலாமா, எங்கிட்டுப் போகலாம்?" என்று விசாரிக்கிறவர்கள் வருடா வருடம் கூடுகிறார்கள். அவர்கள் வழக்கமாகக் கேட்பதும் நான் சொல்லும் பதிலும் இவை.

பழைய ரோடு என்று எதைச் சொல்கிறீர்கள்?

மூன்று வகை உண்டு. நூறு வருடத்துக்கு முன்னால் வெட்டி, இன்றைக்கும் கொழுந்து டிராக்டரும் ஜீப்பும் ஓடுகிற எஸ்டேட் ரோடு ஒன்று. நெடுஞ்சாலையை அகலப்படுத்தி வளைவை நேராக்கியபோது ஓரத்தில் விட்டுவிட்டுப் போன துண்டு ரோடு இன்னொன்று. பாலம் இடிந்து, நடுவில் மரம் முளைத்து, காட்டுக்குள் செத்துக் கிடக்கிற ரோடு மூன்றாவது.

வருகிறவர்கள் எல்லோருக்கும் மூன்றாவதன் மேல்தான் கண். முதல் இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்பது என் கட்சி. செத்த ரோடுகள் அநேகமாகக் காப்புக்காட்டுக்குள்ளோ சரணாலயத்துக்குள்ளோ கிடக்கின்றன. அது சட்டப் பிரச்சினை. சட்டத்தை விட்டாலும், மனுசப் போக்குவரத்து நின்ற ரோட்டை ஆனை எடுத்துக்கொள்கிறது. சரிவு குறைந்த, அகலமான வழி அதற்கும் தோதுதானே. ஆள் புழங்குகிற பழைய ரோட்டில் வழி கேட்க ஒருத்தர் இருப்பார், வளைவுக்கு ஒரு லயம் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) இருக்கும், அந்த ரோடு எப்படி வந்தது என்று சொல்ல ஒரு ரிட்டயர்டு கங்காணியும் இருப்பார். செத்த ரோட்டில் இது எதுவும் கிடைக்காது.

ஏன் கார்த்திகைக் கடைசியிலும் மார்கழியிலும் வரச் சொல்கிறீர்கள்?

மூணாறு பக்கத்தை ஆனி முதல் புரட்டாசி வரை தென்மேற்குப் பருவமழை நனைக்கிறது. போடி, தேவாரம், கம்பம் பக்கத்துக்கு ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. இரண்டும் ஓய்ந்த இடைவெளி இதுதான். ஓடைகளில் தண்ணீர் ஓடும், புல் பச்சையாக இருக்கும், தூசி கிளம்பாது. மாசி பிறந்தால் புல் காய்ந்து காட்டுத்தீ பயம் வந்துவிடும்.

குளிர்நாட்டுப் படங்களில் வருகிற மாதிரி காடு முழுக்கச் சிவந்து இலை கொட்டும் என்று எதிர்பார்த்து வராதீர்கள். சோலைமரங்கள் அப்படி ஒரே மூச்சில் உதிர்ப்பதில்லை. எஸ்டேட் ரோடுகளில் கிடப்பது சில்வர் ஓக் இலையும் கிராண்டிஸ் என்கிற யூகலிப்டஸ் மரத்தின் உரிந்த பட்டையும். பார்க்க அழகுதான். ஆனால் அடியில் பாசி பிடித்த கல்லும் குழியும் மறைந்திருக்கும். ஈரப் பட்டையின் மேல் பிரேக் பிடித்தால் பின்சக்கரம் முன்னால் வரப் பார்க்கும்.

மழை நின்ற மறுநாளே ஏறாதீர்கள். இரண்டு மூன்று நாள் வெயில் காயட்டும். வங்கக்கடலில் தாழ்வு மண்டலம் என்று ரேடியோ சொன்னால் பயணத்தைத் தள்ளிவையுங்கள். 2018 நவம்பரில் வேதாரண்யத்தில் கரையேறிய கஜா, கொடைக்கானல் மலையைத் தாண்டித்தான் கேரளாவுக்குள் போனது. மூணாறுக்குப் பக்கத்தில் பெட்டிமுடியில் 2020 ஆகஸ்டில் லயங்கள் மேல் மண் சரிந்து 70 பேர் போனார்கள், பெரும்பாலும் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். இந்தப் பக்கத்தில் மண்சரிவை யாரும் இலேசாகப் பேசுவதில்லை.

முதல் தடவை வருகிறேன். எதில் தொடங்கலாம்?

மூணாறிலிருந்து மாட்டுப்பட்டி, குண்டளை, எல்லப்பட்டி வழியாக டாப் ஸ்டேஷன். ஒரு பக்கம் 32 கிலோமீட்டர் சுமார் வரும். தார் ரோடுதான். தார் ரோட்டை எதற்குச் சொல்கிறேன் என்று முகம் சுளிக்க வேண்டாம். இதன் கதையைத் தெரிந்துகொண்டு ஓட்டினால் வேறு ரோடாகத் தெரியும்.

இந்தப் பள்ளத்தாக்கில் முதலில் வண்டிப்பாதை வெட்டினார்கள். 1902ல் அதன் மேல் ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள். யூயிங் முறை என்று பெயர். பாரத்தில் பெரும்பங்கைத் தண்டவாளத்தில் ஓடும் சக்கரங்கள் தாங்கும், பக்கவாட்டில் ஒரு பெரிய சக்கரம் ரோட்டின் மேல் உருண்டு வண்டி சாயாமல் பார்த்துக்கொள்ளும். இழுத்தது மாடுகள். 1908ல் அதை எடுத்துவிட்டு இரண்டடி அகலத்தில் நிஜ ரயில் பாதையே போட்டார்கள். தேயிலைப் பெட்டி ரயிலில் டாப் ஸ்டேஷன் வரும். அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கி ஏறத்தாழ 5 கிலோமீட்டர் இறங்கி கோட்டகுடிக்குப் போகும். அதுதான் அந்தக் காலத்து பாட்டம் ஸ்டேஷன். அங்கிருந்து மாட்டுவண்டியில் போடி. "டாப் ஸ்டேஷனா, எந்த பஸ் ஸ்டேஷன்?" என்று கேட்கிறவர்களுக்கு இதுதான் பதில்.

1924 ஜூலை வெள்ளம் எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போனது. கொல்லம் ஆண்டு 1099 என்பதால் மலையாளத்தில் அதை இன்றும் தொண்ணூற்றொன்பது வெள்ளம் என்பார்கள். ரயிலை மறுபடி யாரும் போடவில்லை. மூணாறில் அந்த ஸ்டேஷன் கட்டடம் தேயிலைக் கம்பெனி ஆபீஸாக நிற்கிறது. போகிற வழியில் ஒரு நிமிடம் நின்று பாருங்கள்.

மாட்டுப்பட்டி அணை, எக்கோ பாயிண்ட் வரை டூரிஸ்ட் வண்டிகள் உயிரை எடுக்கும். காலை ஏழு மணிக்குள் அதைக் கடந்துவிடுங்கள். குண்டளை ஏரி தாண்டியதும் ரோடு உங்களுடையது. எல்லப்பட்டியில் ஒரு டீ. டாப் ஸ்டேஷன் பார்வை இடம் தேனி மாவட்டம், ஆனால் ரோடு கேரளா வழியாகத்தான். பனி விலகினால் கீழே குரங்கணி, கோட்டகுடிப் பக்கம் மொத்தமும் தெரியும். தேயிலைப் பெட்டி இறங்கிய அதே சரிவு.

அதற்கு மேல் வட்டவடை போகும் ரோடு பாம்பாடும் சோலை தேசியப் பூங்காவுக்குள் நுழைகிறது. செக்போஸ்டில் கேளுங்கள், அவர்கள் சொல்வதுதான் முடிவு.

போடியிலிருந்தே ஏறிப் போகலாமா?

கால் பலம் இருந்தால் போகலாம். போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் ஏற்றம், 17 கொண்டை ஊசி வளைவு. நெடுஞ்சாலைதான் என்றாலும் சில வளைவுகளில் பழைய ரோட்டின் துண்டு ஓரமாகக் கிடக்கும். மூச்சு வாங்க அதில் ஒதுங்கலாம்.

ஒன்றைக் கவனியுங்கள். விடிகாலையில் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகள் மேலே பறக்கும், சாயங்காலம் அதே வேகத்தில் இறங்கும். அந்த இரண்டு நேரத்திலும் மெட்டு ரோட்டில் சைக்கிள் வேண்டாம். எட்டு மணிக்கு மேல் ஏறத் தொடங்கினால் நிம்மதி.

கம்பம்மெட்டு வழி?

கார்த்திகை ஒன்று முதல் மகரவிளக்கு வரை ஐயப்ப சாமிகளின் வண்டிகள். கம்பத்துக்கும் குமுளிக்கும் இடையில் நெரிசல் முற்றும்போது போகிற வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாகத் திருப்பிவிடுவார்கள். வளைவுக்கு வளைவு பஸ்ஸும் வேனும். அந்த மாதங்களில் அந்தப் பக்கம் தலை வைக்க வேண்டாம். மகரவிளக்கு முடிந்து தையில் வாருங்கள்.

கொடைக்கானலிலிருந்து மூணாறுக்கு எஸ்கேப் ரோட்டில் போக முடியுமா?

முடியாது. இரண்டாம் உலகப்போரில் ஜப்பான்காரன் சென்னைப் பக்கம் இறங்கினால் தப்பி ஓட என்று 1942 வாக்கில் சீராக்கிய ரோடு அது. பேரிஜம் வழியாக, வந்தரவு அருகே 2,400 மீட்டருக்கு மேல் ஏறி டாப் ஸ்டேஷன் பக்கம் இறங்கும். 1990ல் மூடிவிட்டார்கள். "யாரும் பார்க்க மாட்டாங்க, ராத்திரி தங்கி விடியக் கிளம்பிடலாம்" என்று யோசனை சொல்கிறவர்களை நம்பாதீர்கள். அங்கே மாட்டினால் வன வழக்கு, மாட்டாவிட்டால் காட்டுமாடு.

குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷனுக்குப் பழைய கல்பாதை இருக்கிறதாமே?

இருக்கிறது. நடுவழியில் சென்ட்ரல் என்கிற இடத்தின் வழியாகக் கம்பிவடத் தடத்தை ஒட்டிப் போகும். அது நடைபாதை, சைக்கிளுக்கு இல்லை. தோளில் தூக்கிக்கொண்டு ஏறுவதைச் சைக்கிள் பயணம் என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

நடக்கவும் வனத்துறை அனுமதி வேண்டும். 2018 மார்ச் 11ல் கொழுக்குமலைக்கும் குரங்கணிக்கும் நடுவில் பிடித்த தீயில் மலையேற வந்தவர்கள் சிக்கி 23 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபர் முதல் அரசே ஆன்லைனில் பதிவு செய்து, வழிகாட்டியோடு அனுப்புகிறது. நடக்க ஆசையென்றால் அதில் பதிந்துகொள்ளுங்கள், சைக்கிளைப் போடியில் விட்டுவிட்டு.

அனுமதி யாரிடம் வாங்குவது?

இடத்தைப் பொறுத்தது. காப்புக்காடு, சரணாலயம், தேசியப் பூங்கா என்றால் வனத்துறை. தமிழ்நாட்டுக்கு 1882ஆம் வருட வனச்சட்டம், கேரளாவுக்கு 1961ஆம் வருடச் சட்டம், சரணாலயத்துக்கு அதற்கு மேலே 1972ஆம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம். ரோடு இருக்கிறது என்பதால் வழி இருக்கிறது என்று அர்த்தமில்லை.

எஸ்டேட் ரோடு தனியார் ரோடு. கேட் திறந்து கிடந்தாலும் மஸ்டர் ஆபீசில் (தொழிலாளருக்கு ஆஜர் எடுக்கும் இடம்) ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். "போட்டோ எடுக்க வந்தோம், கீழ்டிவிஷன் வரைக்கும் போயிட்டுத் திரும்பிருவோம்" என்றால் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். விடவில்லையென்றால் வாதாட வேண்டாம்.

ஏலத்தோட்டத்துக்குத் தனி மரியாதை உண்டு. இந்த மாதங்கள் காய் எடுப்புக் காலம். ஏலக்காய்த் திருட்டு இங்கே நிஜமான தலைவலி. முதுகில் பெரிய பையோடு தெரியாத ஆள் தோட்டத்து ஓரம் நின்றாலே வாட்சர் வந்துவிடுவார். அவர் கேட்பதற்கு முன் நீங்களே கூப்பிட்டுப் பேசுங்கள். மருந்து அடிக்கிற நாளாக இருந்தால் வாசனையிலேயே தெரியும். அந்தத் தோட்டத்துக்குள் போகாதீர்கள், பக்கத்து ஓடைத் தண்ணீரையும் குடிக்காதீர்கள்.

ஒரு தடம் பழைய ரோடுதானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இதுதான் எனக்குப் பிடித்த கேள்வி.

சரிவைப் பாருங்கள். பாரவண்டி மாட்டுக்கு இருபதடிக்கு ஓரடி ஏறுவதே பெரிய வேலை. அதனால் பழைய வண்டிப்பாதை மலையைச் சுற்றிச் சுற்றி, ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் போய் வெளியே வந்து, ஒரே சீராக ஏறும். ரயில் தடம் அதையும்விட மட்டம். ஜீப்புக்காகப் பிற்காலத்தில் வெட்டியது செங்குத்தாக நிமிரும். கியரை மாற்றாமல் ஒரு மைல் போக முடிந்தால் அது மாட்டுக்காக வெட்டிய வழி என்று தைரியமாகச் சொல்லலாம்.

அடுத்தது கற்கட்டு. பள்ளத்துப் பக்கம் சுண்ணாம்பு இல்லாமல், கல் மேல் கல் அடுக்கி, மலைப் பக்கமாகச் சாய்ந்து நிற்கும். சிமெண்டு இருந்தால் பிந்தியது, அல்லது பழுது பார்த்தது. மேட்டுப் பக்கம் ஒரு வாய்க்கால் கூடவே வரும். பழைய ரோடு போட்டவர்களுக்குத் தண்ணீரைப் பற்றித் தெரிந்திருந்தது. வாய்க்கால் தூர்ந்துபோன இடத்தில்தான் ரோடு அறுந்திருக்கும். ஓடை குறுக்கிடும் இடத்தில் ரோடு உள்ளே வளைந்து, ஒடுங்கிய இடத்தில் சின்னப் பாலத்தால் தாண்டும். அந்தப் பாலத்தடியில் இறங்கிப் பார்த்தால் அநேகமாகச் செதுக்கிய கல் வளைவு இருக்கும். (பாம்பும் இருக்கலாம். தட்டிப் பார்த்து இறங்குங்கள்.) ஓரத்தில் மைல்கல், பர்லாங்கு கல் புதைந்து கிடக்கலாம். மைலில் எழுதியிருந்தால் கிலோமீட்டருக்கு முந்திய காலத்துக் கல்.

இத்தனைக்கும் மேல் ஒரு குறுக்குவழி: லயத்தில் வயசான ஒருத்தரிடம் "ஐயா, முன்னாடி பஸ் எந்த வழியா வந்துச்சு?" என்று கேளுங்கள். பஸ் என்று கேட்டால்தான் ஞாபகம் கிளம்பும். பழைய ரோடு எது என்று கேட்டால் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார்.

மேப்?

சர்வே ஆப் இந்தியாவின் 1:50,000 தாள்களில் 58 எப் வரிசை மூணாறு, போடிப் பக்கத்துக்கானது, அதற்குத் தெற்கே தேவாரம், கம்பம் பக்கத்துக்கு 58 ஜி. அவர்கள் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். ஒற்றைக் கோடாகவோ புள்ளிக் கோடாகவோ போகிற வழிகளைச் செயற்கைக்கோள் படத்தோடு ஒத்துப் பாருங்கள். பாதி வழி படத்தில் மரத்துக்கடியில் காணாமல் போயிருக்கும். போன் மேப்பை முன்கூட்டியே இறக்கி வையுங்கள். எல்லப்பட்டிக்கு அப்புறம் சிக்னலை நம்ப வேண்டாம். எல்லையில் போன் தமிழ்நாட்டு டவருக்கும் கேரள டவருக்கும் மாறி மாறித் தாவிக்கொண்டே பேட்டரியைத் தின்னும்.

ஆனை வந்தால்?

வந்த பிறகு செய்ய அதிகம் இல்லை. வராத மாதிரி போவதுதான் எல்லாம்.

சைக்கிளின் பெரிய குறையே அது சத்தம் போடாமல் போவதுதான். ஜீப் வருவது ஆனைக்கு அரை மைல் முன்னாலேயே தெரியும். நீங்கள் வளைவு திரும்பி முகத்தில் முட்டுவீர்கள். குருட்டு வளைவில் மணி அடியுங்கள், சத்தமாகப் பேசுங்கள். இறக்கத்தில் வேகமாகப் போவதற்கு இதுவே முதல் தடை. பச்சைச் சாணி, ஆவி பறக்கிற லத்தி, புதிதாக முறிந்த கொப்பு, ஈரப் பட்டை உரித்த மரம், இதில் எதைப் பார்த்தாலும் திரும்பிவிடுங்கள். தூரத்தில் பார்த்துவிட்டால் சைக்கிளைத் திருப்பி, வந்த வழியே. போட்டோ வேண்டாம். குட்டி இருந்தால் நினைப்பே வேண்டாம்.

பூப்பாறையிலிருந்து சின்னக்கானல், ஆனையிறங்கல் அணைப் பக்கம் ஆனை நடமாட்டம் எப்போதும் உண்டு. அரிக்கொம்பன் என்று பேர்பெற்ற ஆனை அந்தப் பக்கத்து ஆள்தான். 2023 ஏப்ரலில் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள், மே கடைசியில் கம்பம் ஊருக்குள்ளேயே வந்து நின்றது. கடைசியில் தமிழ்நாடு வனத்துறை பிடித்துத் தெற்கே முண்டந்துறைப் பக்கம் கொண்டுபோய் விட்டது. ஆனைக்கு மாநில எல்லை கிடையாது.

ஒவ்வொரு டீக்கடையிலும் "அண்ணே, ஆனை எங்கிட்டு நிக்குது?" என்று கேட்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். ராத்திரி எங்கே நின்றது, காலையில் எந்தப் பக்கம் ஏறியது என்று காலைக் கொழுந்துக்குப் போகிறவர்களுக்குத் தெரியும். எந்த ஆப்பிலும் கிடைக்காத தகவல் இது.

உடுமலையிலிருந்து சின்னாறு, மறையூர் ரோட்டில் சைக்கிள் ஓட்டலாமா என்று இதோடு சேர்த்துக் கேட்பார்கள். இந்தப் பக்கம் ஆனைமலைப் புலிகள் காப்பகம், அந்தப் பக்கம் சின்னாறு சரணாலயம், நடுவில் ரோடு, அதனால் வேண்டாம். மறையூருக்கு பஸ்ஸில் போய், அங்கே காந்தளூர் ரோட்டில் ஓட்டுங்கள். கரும்பு ஆட்டுகிற ஆலையில் சூடாக மறையூர் வெல்லமும் கிடைக்கும்.

எத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும்?

மலையின் கிழக்கு முகத்தில், அதாவது போடிப் பக்கத்தில், சூரியன் மறைவதற்கு ரொம்ப முன்பே மலை நிழல் விழுந்துவிடும். நாலு மணிக்கு நீங்கள் தார் ரோட்டில் இருக்க வேண்டும், ஐந்துக்கு ஒரு ஊரில்.

எந்த சைக்கிள் வேண்டும்?

விலை உயர்ந்தது வேண்டாம். இரண்டு அங்குல டயர், நல்ல பிரேக், முன் பல்சக்கரத்தைவிடப் பெரிய பின் பல்சக்கரம், இவ்வளவு போதும். டயரில் காற்று 30, 35 பிஎஸ்ஐ இருந்தால் கல்லில் துள்ளாது. வீட்டில் கிடக்கிற தாத்தா காலத்து 28 அங்குல சைக்கிள் ஏற்றத்தில் தள்ளியாவது போய்விடும். இறக்கத்தில் அதன் கம்பி பிரேக்கை நம்பி உயிரைக் கொடுக்க முடியாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆளும் சைக்கிளுமாக 90 கிலோ ஆயிரம் மீட்டர் இறங்கினால் வெளிப்படுகிற சக்தி, இரண்டரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும். காற்று தின்றது போக மிச்சம் முழுக்க உங்கள் பிரேக்கில் சூடாக இறங்குகிறது. அதனால் விடாமல் பிடித்துக்கொண்டே இறங்காதீர்கள். நேரான துண்டில் விடுங்கள், வளைவுக்கு முன்னால் நன்றாகப் பிடியுங்கள், மறுபடி விடுங்கள். நாலைந்து வளைவுக்கு ஒரு தடவை நின்று ஆறவிடுங்கள். கிளம்புவதற்கு முன் பிரேக் கட்டையின் கனத்தைப் பாருங்கள். ஈர மணலோடு தேய்ந்தால் ஒரே இறக்கத்தில் பாதி போய்விடும்.

டியூப் இரண்டு, ஒட்டுப்போடும் சாமான், பம்பு, செயின் கழற்றும் கருவி. பஞ்சர் மலையில் குறைவு. போடியைச் சுற்றித் தரையில் சீமைக்கருவேல முள்தான் வேலை கொடுக்கும்.

குளிர் எப்படி?

ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு ஏழு டிகிரி குறையும். ஏறும்போது வேர்வை, இறங்கும்போது அந்த வேர்வையே குளிராகிவிடும். மேலே போனதும் மாற்ற ஒரு காய்ந்த பனியன், காற்றுத் தடுக்கும் மேல்சட்டை, கையுறை. விரல் மரத்தால் பிரேக் பிடிக்க முடியாது. அதனால் கையுறையைத்தான் நான் முதலில் சொல்வேன். மார்கழிக் கடைசி, தை முதல் வாரங்களில் செண்டுவாரை, லெட்சுமி எஸ்டேட் பக்கம் பூஜ்ஜியத்துக்குக் கீழே போய்ப் புல்லில் உறைபனி படியும். அந்த நாட்களில் வெயில் ஏறுகிற வரை பாலங்களின் மேல் மெதுவாக.

அட்டை?

மழைக்காலம் மாதிரி இல்லை. ஓடைக்கரையில் உட்காராமல் இருந்தால் போதும். உண்ணிச்செடிப் புதரில் உரசினால் உண்ணியைத் தேடிப் பாருங்கள்.

தனியாகப் போகலாமா?

எஸ்டேட் ரோட்டில், பகலில், சொல்லிவிட்டுப் போகலாம். மற்றபடி மூன்று பேர் நல்ல கணக்கு. ஒருத்தருக்கு அடிபட்டால் ஒருத்தர் கூட இருக்க, ஒருத்தர் போய் ஆள் கூட்டிவர.

போடிக்குச் சைக்கிளை எப்படிக் கொண்டுவருவது?

அகலப்பாதை ரயில் 2023 ஜூனில் போடிக்கு மறுபடி வந்துவிட்டது. நடுவில் 2010 கடைசி முதல் ரயிலே கிடையாது. சக்கரத்தைக் கழற்றிப் பையில் கட்டினால் தோது. கிளம்புகிற ஸ்டேஷனின் பார்சல் ஆபீசில் முன்னாலேயே கேட்டுவிடுங்கள். போடியிலிருந்து மேலே கொண்டுபோக ஜீப்காரர்களிடம் கேட்கலாம். ஆள் இறக்கிவிட்டுத் திரும்புகிற ஜீப் என்றால் வாடகை பேசித் தீர்த்துக்கொள்ளலாம். சைக்கிளை மேலே கட்டும்போது கியர் இருக்கிற பக்கம் மேலே பார்த்திருக்க வேண்டும். அதை நீங்களே நின்று பாருங்கள்.